முதல் உலகப் போரில் நான்கு வருடம் போர்முனைக் கோடு ஏன் நகரவில்லை, கடைசியில் எப்படி நகர்ந்தது?

கேள்வி இதுதான்: முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் இரண்டு தரப்பும் நான்கு வருடம் பதுங்குகுழிகளில் எதிரெதிரே கிடந்து, சில கிலோமீட்டர் மண்ணுக்காக லட்சக்கணக்கில் செத்திருக்கிறார்கள். தளபதிகளுக்குப் புத்தியே இல்லையா? அப்புறம் எப்படித்தான் போர் முடிந்தது?

"தளபதிகள் முட்டாள்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. செத்தவர்கள் மேல் பரிவு காட்டுவதுபோல் தோன்றினாலும், அவர்கள் ஏன் செத்தார்கள் என்பதை அது விளக்குவதே இல்லை. எதிரியின் முதல் குழியைப் பிடிப்பது பல தாக்குதல்களில் முடிந்த காரியம்தான். பிடித்த பிறகு அங்கிருந்து மேலே போவதுதான் முடியவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் 1914 முதல் 1918 வரை நடந்தது பெரும்பாலும் புரிந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழிகள் வந்ததால்தான் அவ்வளவு சாவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குழிகள் வெட்டுவதற்கு முந்தைய வாரங்கள்தான் பிரெஞ்சுப் படைக்கு மிகக் கொடுமையானவை. 1914 ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் கொல்லப்பட்டார்கள். சிவப்புக் கால்சட்டையும் நீலக் கோட்டும் போட்டுக்கொண்டு, வயல்வெளியில் வரிசையாக, துப்பாக்கி முனையில் கத்தி மாட்டி ஓடியவர்கள் அவர்கள். எதிரே மெஷின் கன்னும், நிமிடத்துக்குப் பத்துக்கு மேல் குண்டு போடக்கூடிய பீரங்கிகளும் இருந்தன. அந்த நெருப்புக்கு முன்னால் திறந்த வெளியில் நின்ற மனிதன் பிழைக்க வழியே இல்லை. மண்ணைத் தோண்டி உள்ளே போனதால்தான் மிச்சமிருந்தவர்கள் பிழைத்தார்கள்.

சரி, கோடு எப்படி உருவானது என்று பார்ப்போம். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக்கொல்லப்பட்டது, ஒரு மாதத்தில் ஆஸ்திரியா செர்பியா மேல் போர் அறிவித்தது, கூட்டணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துவிட்டது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஜெர்மனியின் கணக்கு எளிமையானது: ரஷ்யா படை திரட்ட நாளாகும், அதற்குள் பெல்ஜியம் வழியாகச் சுற்றிவந்து சுமார் ஆறு வாரத்தில் பிரான்ஸை முடித்துவிட்டு கிழக்கே திரும்பிவிடலாம். ஆகஸ்ட் 4 அன்று பெல்ஜியத்துக்குள் நுழைந்தார்கள், அன்றே பிரிட்டனும் போரில் இறங்கியது. லியேஜ் நகரத்துக் கோட்டைகளை 42 சென்டிமீட்டர் வாயுள்ள ராட்சத பீரங்கிகளால் உடைத்துக்கொண்டு மேலே போனார்கள்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்றால், அந்தப் படை நடந்து போனது. வெயிலில், முதுகில் மூட்டையோடு, வாரக்கணக்கில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பெல்ஜியர்கள் பாலங்களையும் ரயில் குகைகளையும் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியதால் சாப்பாடும் குண்டும் பின்னாலிருந்து குதிரை வண்டியில் வர வேண்டியிருந்தது. எதிரே பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ர் என்ன செய்தார்? கிழக்கு எல்லையிலிருந்த படைகளைத் தன் சொந்த ரயில்களில் ஏற்றி பாரிஸ் பக்கம் கொண்டுவந்து இறக்கினார். ஜெர்மானிய வலது சாரி களைத்துப்போய் மார்ன் ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது, பக்கவாட்டில் ஒரு புதிய பிரெஞ்சுப் படை காத்திருந்தது. செப்டம்பர் முதல் பாதியில் நடந்த மார்ன் சண்டையில் ஜெர்மானியர்கள் பின்வாங்கினார்கள். தாக்குகிறவன் காலால் வருகிறான், தடுக்கிறவன் ரயிலில் வருகிறான் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அதன் முழு அர்த்தமும் எல்லோருக்கும் உறைக்க இன்னும் மூன்றரை வருடம் ஆயிற்று.

பின்வாங்கியவர்கள் எய்ன் (Aisne) என்ற ஆற்றுக்கு வடகரையில் ஒரு நீளமான மேட்டில் ஏறி, மண்ணைத் தோண்டி உட்கார்ந்துகொண்டார்கள். துரத்திவந்த பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளால் அவர்களை அசைக்க முடியவில்லை. நேராகப் போக முடியாதபோது சுற்றிப் போவோம் என்று இரண்டு பக்கமும் வடக்கு நோக்கி நகர, ஒருவரை ஒருவர் முந்த முடியாமல் கடல்வரைக்கும் போய்விட்டார்கள். கடைசித் துண்டை அடைத்தது மனிதர்களே இல்லை, தண்ணீர். அக்டோபர் கடைசியில் நியூபோர்ட் ஊரில் பெல்ஜியர்கள் கடல் மதகுகளை ஓதத்தின்போது திறந்து, வற்றும்போது மூடி, இரவிரவாக ஈசர் ஆற்றுச் சமவெளியில் தண்ணீரை ஏற்றினார்கள். அந்த மதகுகளின் சூட்சுமம் தெரிந்த ஹென்ட்ரிக் கேரார்ட் என்ற படகுக்காரர் ராணுவத்துக்கு வழிகாட்டினார். முன்னேறி வந்த ஜெர்மானியர்களின் குழிகளில் தண்ணீர் ஊறி ஏற, திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. நவம்பர் முடிவதற்குள் வட கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை சுமார் 700 கிலோமீட்டருக்கு ஒரே கோடு. சுற்றிப் போக இடமே இல்லை. இனி எந்தத் தாக்குதலும் நேருக்கு நேர்தான்.

அந்தக் குழி எப்படி இருக்கும்? ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான ஆழம், எதிரி பக்கம் மணல் மூட்டை அடுக்கிய வரப்பு, சுடுவதற்கு ஏறி நிற்க ஒரு படி. நேர்கோட்டில் வெட்டவே மாட்டார்கள், சில மீட்டருக்கு ஒருமுறை மடங்கி மடங்கிப் போகும். ஒரு குண்டு உள்ளே விழுந்தால் அதன் சிதறல் அந்த ஒரு மடிப்போடு நிற்க வேண்டும், எதிரி ஒரு முனையில் குதித்துவிட்டால் குழி நெடுகச் சுட முடியக் கூடாது, அதற்காக. முன்குழிக்குப் பின்னால் இரண்டாவது, அதற்குப் பின்னால் மூன்றாவது, இவற்றை இணைக்கக் குறுக்கே போகும் நடைக்குழிகள். முன்னால் முள்கம்பிப் புதர், சில இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு. பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், அங்கே கீழே தோண்டுவதற்குப் பதில் மேலே மண்சுவர் எழுப்பிக்கொண்டார்கள். ஈரத்தில் நாள்கணக்கில் நின்று பாதம் வீங்கி அழுகிப் போவது சாதாரணமாகிவிட்டது. அதனால் பிரிட்டிஷ் படையில் தினமும் காலுறை மாற்ற வேண்டும், திமிங்கல எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். வருடக்கணக்கில் ஒருவன் முன்குழியிலேயே இருந்தான் என்று நினைக்க வேண்டாம். சில நாள் முன்னால், சில நாள் இரண்டாம் வரிசையில், அப்புறம் பின்னால் ஓய்வு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை மட்டும் இல்லாதிருந்தால் எந்தப் படையும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முதல் குழியைப் பிடித்த பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு 1915 மார்ச்சில் வடக்கு பிரான்சில் நடந்த நவ் ஷபேல் சண்டையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு, தாக்கிய படையில் ஏறக்குறையப் பாதி இந்தியர்கள். லாகூர், மீரட் டிவிஷன்கள் (ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல் ஆள்கள் கொண்ட படைப்பிரிவு) 1914 செப்டம்பர் கடைசியிலிருந்து அடுத்தடுத்து மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, அக்டோபரிலேயே சண்டையில் இறக்கிவிடப்பட்டிருந்தன.

மார்ச் 10 காலை ஏழரை மணிக்கு முன்னூறுக்கு மேற்பட்ட பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கின. முப்பத்தைந்தே நிமிடம். விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களை வைத்து ஜெர்மன் குழிகளை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்திருந்தார்கள். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு காலாட்படை கிளம்பியது. இந்தியப் படையின் கர்வாலிகளும் பிரிட்டிஷ் பட்டாலியன்களும் (ஆயிரம் பேர் அளவுள்ள படைப்பிரிவுகள்) ஜெர்மன் முன்குழியைத் தாண்டி கிராமத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். எதிரே அந்த நேரத்தில் சொல்லும்படியான தடுப்பு எதுவும் இல்லை. போரின் முதல் வெற்றிகரமான உடைப்பு என்று சொல்லலாம். ஆனால் இடது ஓரத்தில் மட்டும், தாமதமாக வந்து சேர்ந்த பீரங்கிகளால் சரியாகக் குறிவைக்க முடியவில்லை. அங்கே ஜெர்மன் குழியும் கம்பியும் அப்படியே இருந்தன, அங்கே போன இரண்டு பிரிட்டிஷ் பட்டாலியன்கள் கம்பிக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்தன.

அப்புறம் ஒரு நீண்ட காத்திருப்பு. மேலே போகலாமா என்று கேட்டு முன்னாலிருந்து செய்தி போக வேண்டும். டெலிபோன் கம்பிகளைக் குண்டுகள் அறுத்துவிட்டிருந்தன. கையில் தாளோடு ஓடுகிறவன் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் பிரிகேடுக்குத் தெரியும், அங்கிருந்து டிவிஷனுக்கு, அங்கிருந்து அதற்கும் மேலே. இடது ஓரத்தில் என்ன ஆயிற்று என்று தெரியாமல் நடுவிலிருப்பவர்களை அனுப்ப மேலதிகாரிகள் தயங்கினார்கள். உத்தரவு திரும்பிவந்து மறுபடி நகர ஆரம்பித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது, இருட்டிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் ஜெர்மானியர்கள் பின்னால் புதிய இடங்களில் மெஷின் கன்களை நிறுத்திவிட்டார்கள், இரவோடிரவாகக் கூடுதல் படை வந்து இறங்கிவிட்டது. அடுத்த மூன்று நாளும் அந்தப் புதிய கோட்டில் தலையை மோதியதுதான் மிச்சம். பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்கு 11,000-க்கு மேல் சேதம், அதில் இந்தியர்கள் 4,000-க்கு மேல். கிடைத்தது ஒரு கிராமமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும். அன்று முதல் நாளே எதிரியின் குழிக்குள் குதித்து, வளைவு வளைவாகத் துரத்திக்கொண்டு போய்ச் செத்த கப்பர் சிங் நேகிக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இன்று அந்த ஊரில் நிற்கும் நினைவகத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்கள் இருக்கின்றன.

இந்த ஒரு காலையை நன்றாகப் பார்த்துவிட்டால் மற்ற பெரிய சண்டைகளின் எலும்புக்கூடும் தெரிந்துவிடும். குண்டு விழுந்து குழம்பிப்போன நிலத்தில் தாக்குகிறவன் நடந்து போக வேண்டும், அவனுடைய பீரங்கியோ குண்டோ தண்ணீரோ அந்த நிலத்தைத் தாண்டிச் சீக்கிரம் வராது. பின்வாங்குகிறவனோ சேதமாகாத தன் சாலைக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறான். தன் முன்குழிவரை டெலிபோன் கம்பியை ஆழமாகப் புதைத்து வைக்கலாம், அதைத் தாண்டிய அடுத்த அடியில் தளபதி குருடன். ஆள் தூக்கிக்கொண்டு ஓடும்படியான வயர்லெஸ் கருவி அப்போது இல்லை. ஓட்டக்காரன், புறா, கொடி, இவ்வளவுதான். இரண்டு டிவிஷனைக் கொன்ற முடிவுகளை எடுத்தவர்களில் பலர் அந்த நேரத்தில் காலையில் நடந்தது என்ன என்பதே தெரியாமல் முடிவெடுத்தார்கள்.

பீரங்கிக்கும் ஒரு சிக்கல் இருந்தது. நாள்கணக்கில் அடித்தால் கம்பி அறும், குழி இடியும், ஆனால் எங்கே தாக்கப்போகிறோம் என்று எதிரிக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும், நிலமும் நடக்க முடியாதபடி உழுதுவிடும். குறைவாக அடித்தால் எதிரி அசந்திருப்பான், கம்பி மட்டும் அறாது. 1915 முதல் 1917 வரை தளபதிகள் இந்த இரண்டுக்கும் நடுவே மாறிமாறி அலைந்தார்கள்.

விஷவாயுவும் இதைத் தீர்க்கவில்லை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்து ஈப்ர் நகரத்துப் பக்கம் ஜெர்மானியர்கள் உருளைகளைத் திறந்து குளோரினை விட்டபோது, பிரெஞ்சுப் படையின் அல்ஜீரிய வீரர்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள், ஓடினார்கள், கோட்டில் பல கிலோமீட்டருக்கு ஓட்டை. ஆனால் அந்த ஓட்டைக்குள் அனுப்ப ஜெர்மானியர்கள் போதுமான படையைத் தயாராக வைத்திருக்கவில்லை, வாயு இவ்வளவு வேலை செய்யும் என்று அவர்களே நம்பவில்லை. கனடாக்காரர்கள் பக்கவாட்டிலிருந்து வந்து அடைத்தார்கள். சில நாளில் முகமூடிகள் வந்துவிட்டன.

கிழக்கே ரஷ்யப் பக்கம் போர் இப்படி உறையவில்லை. அங்கே கோடு இரண்டு மடங்கு நீளம், ஆள் அடர்த்தி குறைவு, ரயிலும் குறைவு. உடைத்தால் வெகுதூரம் போக முடிந்தது, 1915 மே மாதம் கோர்லிட்சேயில் ஜெர்மானியர்கள் போனார்கள், 1916 ஜூனில் ரஷ்யத் தளபதி புரூசிலோவ் எதிர்ப்பக்கமாகப் போனார். கலிபோலி, மெசபடோமியா, இத்தாலியில் இசோன்சோ ஆற்றுச் சண்டைகள் எல்லாம் தனித்தனியாக எழுத வேண்டியவை.

1916-க்கு வருவோம். பிப்ரவரி 21 அன்று ஜெர்மானியர்கள் பிரான்சின் கோட்டை நகரமான வெர்டுனைத் தாக்கினார்கள், சுமார் 1,200 பீரங்கிகளோடு. பிப்ரவரி 25 அன்று அங்கிருந்த டுவோமோன் கோட்டை விழுந்தது. அதில் காவலுக்கே ஆள் இல்லாத நிலை. பிரான்ஸ் ஏன் விழவில்லை? மறுபடியும் போக்குவரத்துதான். வெர்டுனுக்குப் போன பெரிய ரயில் பாதைகள் அறுந்திருந்தன அல்லது குண்டு எல்லைக்குள் இருந்தன, மிச்சம் பார்-லெ-டுக்கிலிருந்து வரும் ஐம்பத்தாறு கிலோமீட்டர் சாலையும் ஒரு குறுகிய மீட்டர் பாதை ரயிலும். பிரெஞ்சுத் தளபதி பெட்டான் அந்தச் சாலையில் லாரி தவிர எதையும் விடவில்லை. உச்ச நேரத்தில் பதினான்கு வினாடிக்கு ஒரு லாரி. நின்றுபோன வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு அடுத்தது போக வேண்டும் என்பது விதி. சாலை ஓரம் நெடுக ஆள்கள் நின்று ஓடுகிற சக்கரங்களுக்கு அடியில் சரளைக்கல்லை வீசிக்கொண்டே இருந்தார்கள், அந்தச் சக்கரங்களே கல்லை அமுக்கிச் சாலையாக்கின. டிசம்பரில் முடிந்தபோது இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று லட்சம் அளவுக்குச் செத்திருந்தார்கள். கோடு ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

வெர்டுனின் சுமையைக் குறைக்கவும்தான் ஜூலை 1 அன்று சோம் ஆற்றுப் பக்கம் பிரிட்டிஷ் படை தாக்கியது. ஒரு வாரம், சுமார் 15 லட்சம் குண்டுகள். கேட்கப் பயங்கரமான எண்ணிக்கை, ஆனால் இருபத்தைந்து கிலோமீட்டர் நீளத்துக்குப் பிரித்துப் போட்டால் அவ்வளவு இல்லை. பெரும்பகுதி ஈயச் சிதறல் ரகம், ஆழமான குழிகளை ஒன்றும் செய்யாது. அவசரத்தில் செய்த பல குண்டுகள் வெடிக்கவே இல்லை. ஜெர்மானியர்கள் சுண்ணாம்புப் பாறையில் பத்து மீட்டர் ஆழத்துக்கு அறைகள் குடைந்து ஏழு நாளும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஏழரை மணிக்குக் குண்டு நின்றதும் படியேறி மேலே வந்து மெஷின் கன்னைப் பொருத்தினார்கள். பிரிட்டிஷ் தரப்பில் அன்று ஒரே நாளில் 57,000-க்கு மேல் சேதம், அதில் 19,240 பேர் சாவு. போமோன்-ஆமெல் என்ற இடத்தில் நியூஃபவுண்ட்லாந்து பட்டாலியன் நடைக்குழிகளில் பிணமும் காயமும் அடைத்துக்கொண்டதால் பின்வரிசையிலிருந்தே வெளியே ஏறி, திறந்த சரிவில் நடந்து போனது. போனவர்கள் சுமார் 800, மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68. அரை மணி நேரத்துக்குள் நடந்தது அது. நியூஃபவுண்ட்லாந்து கனடாவை ஒட்டி, மக்கள்தொகை குறைந்த ஒரு தீவு, அந்தத் தீவில் யார் வீட்டிலாவது அன்று சாவு விழாமல் இருந்திருக்குமா?

அதே நாள், அதே சண்டையில், தெற்கு ஓரத்தில் பிரெஞ்சுப் படைகளும் அவர்களை ஒட்டியிருந்த பிரிட்டிஷ் டிவிஷன்களும் குறித்த இடங்களைப் பிடித்துவிட்டார்கள். அங்கே கனரக பீரங்கி அதிகம், குறியும் சரி. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, ஆனால் போரின் விடை அந்தத் தெற்கு ஓரத்தில்தான் ஒளிந்திருந்தது. நவம்பரில் சோம் முடிந்தபோது இரண்டு பக்கமும் சேர்த்து பத்து லட்சத்துக்கு மேல் சேதம், அதிகபட்சம் பத்துக் கிலோமீட்டர் முன்னேற்றம். செப்டம்பர் 15 அன்று முதல் டாங்கிகள் வந்தன, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகம், பாதி வழியிலேயே பல நின்றுபோயின.

1917 எல்லோருக்கும் இருட்டான வருடம். ஜெர்மானியர்கள் வருட ஆரம்பத்தில் தாங்களாகவே பின்வாங்கி, கான்கிரீட்டில் கட்டி வைத்திருந்த ஹிண்டன்பர்க் கோட்டுக்குப் போய்விட்டார்கள். கோடு சுருங்கியதால் பத்துக்கு மேற்பட்ட டிவிஷன்கள் மிச்சமாயின. ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி நிவேல் இரண்டே நாளில் உடைத்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தாக்கினார். உடையவில்லை. வீரர்கள் மறுத்துவிட்டார்கள். காவலுக்கு நிற்கிறோம், தாக்கப் போக மாட்டோம் என்றார்கள். பிரெஞ்சு டிவிஷன்களில் ஏறக்குறையப் பாதிவரை அந்தக் கலகம் பரவியது. பெட்டான் வந்து சுமார் ஐம்பது பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார். கூடவே விடுப்பையும் சாப்பாட்டையும் சரிசெய்தார், வீண் தாக்குதல்களை நிறுத்தினார். அந்த வீரர்கள் கேட்டது நியாயமான விஷயம் என்றே நான் நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் பக்கம் ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை பாஷன்டேல். முன்கூட்டி 40 லட்சத்துக்கு மேல் குண்டு போட்டு வாய்க்கால்களையெல்லாம் சிதைத்துவிட்டு, அதன் மேல் மழையும் பெய்ய, பலகைப் பாதையிலிருந்து கால் தவறியவன் சேற்றுக்குள் போய்விடுவான், காயம்பட்டவர்கள் குண்டுப் பள்ளங்களில் மூழ்கிச் செத்தார்கள். தளபதிகளை நான் முழுக்க விடுவிக்கவில்லை. 1915-இல் செய்த தவறுகளுக்குத் தெரியாமை காரணம். 70-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ஜெனரல்கள் அந்தப் போரில் செத்திருக்கிறார்கள், எல்லோரும் மாளிகையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் 1917 அக்டோபரில் நிலம் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்தும் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹெய்க் தொடர்ந்து அனுப்பியதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவே பொறியாளர்களும் பீரங்கிக்காரர்களும் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் நோபல் பரிசு வாங்கிய லாரன்ஸ் பிராக் என்ற இயற்பியலாளரை, எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் அனுப்பியது. முன்வரிசைக்குப் பின்னால் வரிசையாக மைக்ரோஃபோன்கள், ஒவ்வொன்றுக்கும் சத்தம் வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை ஃபிலிமில் பதிந்து கணக்குப் போட்டால் பீரங்கியின் இடம் தெரிந்துவிடும். முதலில் சாதா மைக்ரோஃபோன்கள் துப்பாக்கிச் சத்தம், குண்டு பறக்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் அலறின. பீரங்கி வாயிலிருந்து வரும் கனத்த, தாழ்ந்த அதிர்வுக்கு மட்டும் அசைவது வேண்டும். சூடாக்கிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை அந்தக் காற்றலை குளிரவைக்கும் என்பதை வைத்து டக்கர் என்பவர் அதைச் செய்துகொடுத்தார். ஒவ்வொரு பீரங்கியின் தேய்மானம், அன்றைய காற்று, காற்றழுத்தம் எல்லாம் கணக்கிட்டு, ஒத்திகைக் குண்டு ஒன்றுகூடப் போடாமல் வரைபடத்தைப் பார்த்தே குறிவைக்கவும் கற்றுக்கொண்டார்கள். 1917 நவம்பர் 20 அன்று கம்ப்ரேயில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். முன்னறிவிப்பே இல்லாமல் குண்டுமழை, கம்பியை மிதிக்க நானூற்றுக்கு மேற்பட்ட டாங்கிகள். அசந்திருக்கும் எதிரி வேண்டுமா, அறுந்த கம்பி வேண்டுமா என்ற பழைய சிக்கல் அங்கே அவிழ்ந்தது. பத்து நாள் கழித்து ஜெர்மானியர்கள் எதிர்த்தாக்குதலில் பிடித்ததைப் பெரும்பாலும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

1918-இல் ஜெர்மனிக்கு ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. ரஷ்யா புரட்சியில் விழுந்து மார்ச் 3 அன்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டது, கிழக்கிலிருந்து டிவிஷன்கள் வந்தன. அமெரிக்கா போரில் இறங்கியிருந்தாலும் படை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. மார்ச் 21 அதிகாலை, மூடுபனியில், 6,600 பீரங்கிகள் ஐந்து மணி நேரம் அடித்த பிறகு, பொறுக்கியெடுத்த சிறுகுழுக்கள் எதிர்ப்பு பலமாக இருந்த இடங்களை விட்டுவிட்டுச் சந்துகளில் நுழைந்து போயின. அறுபது கிலோமீட்டருக்கு மேல் போனார்கள்! மூன்றரை வருடத்தில் மேற்கே யாரும் இப்படிப் போனதில்லை. ஆனால் 1916-இல் சிதைந்த அதே சோம் நிலத்தைத் தாண்டித்தான் சாப்பாடும் குண்டும் வர வேண்டியிருந்தது. வயிறு காய்ந்த வீரர்கள் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பார்த்ததும் சண்டையை விட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அமியேன் ரயில் சந்திப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கிடைக்கவில்லை. அப்புறம் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று வேறு வேறு இடங்களில் தாக்கினார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிலம், கூடவே ஈடுசெய்ய முடியாத ஆள்சேதம், அதுவும் படையின் மிகச் சிறந்த ஆள்கள். அந்தக் கோடையில் அமெரிக்கர்கள் ஒரு நாளைக்கு 10,000 பேர்வரை வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 8, அமியேன். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள், ஐந்நூற்றுக்கு மேல் டாங்கிகள், 2,000 பீரங்கிகள். ஜெர்மன் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றின் இடம் முன்கூட்டியே தெரியும், முதல் நிமிடத்திலேயே அவற்றின் மேல் குண்டு விழுந்தது. ஒரே நாளில் சுமார் பதிமூன்று கிலோமீட்டர். கூட்டங்கூட்டமாகச் சரணடைந்தார்கள். இதைவிட முக்கியமானது சில நாள் கழித்து நடந்தது: எதிர்ப்பு கடினமானதும் நிறுத்திவிட்டார்கள். நவ் ஷபேலிலும் சோமிலும் பாஷன்டேலிலும் யாருக்கும் வராத முடிவு அது. நிறுத்திவிட்டு, ஆகஸ்ட் 21 அல்பேர் பக்கம், 26 அர்ராஸ் பக்கம், செப்டம்பர் 12 அமெரிக்கர்கள் சான்-மியேல், 26 அர்கோன் காடு, 28 ஃபிளாண்டர்ஸ், 29 சான்-கான்டன். பிரெஞ்சுக்காரரான ஃபோஷ் நேச நாடுகளின் எல்லாப் படைகளுக்கும் பொதுத் தளபதியாக இருந்ததால் இப்படி ஒருங்கிணைக்க முடிந்தது. கூடுதல் படையை ஏற்றிய ஜெர்மன் ரயில் எந்தப் பக்கம் போகும்? ஒரு ஓட்டையை அடைக்கக் கிளம்புவதற்குள் அடுத்த ஓட்டை. உடைத்துக்கொண்டு குதிரைப்படையோடு பெர்லினுக்குப் போவது என்ற கனவை விட்டுவிட்டு, கொஞ்சம் கடித்து, நின்று, வேறு இடத்தில் கடிப்பது என்று மாறியதும்தான் கோடு நகர ஆரம்பித்தது.

செப்டம்பர் 29 அன்று சான்-கான்டனில் ஹிண்டன்பர்க் கோட்டின் மிகக் கடினமான துண்டு, செங்குத்துக் கரையுள்ள ஒரு கால்வாய். பிரிட்டனின் 46-வது டிவிஷன், சோமின் முதல் நாளில் படுதோல்வி கண்ட அதே டிவிஷன், ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பல்களிலிருந்து வாங்கிவந்த ஆயிரக்கணக்கான உயிர்காப்பு மிதவைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூடுபனியில் தண்ணீரில் இறங்கி நீந்தியது. சிலர் ஓடிப்போய் ரிக்கெவால் பாலத்தை ஜெர்மானியர்கள் தகர்ப்பதற்குள் பிடித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் 4,000-க்கு மேல் கைதிகள்.

அந்த நாள்களில்தான் ஜெர்மன் படையை நடத்திய தளபதி லூடன்டார்ஃப் தன் அரசாங்கத்திடம் உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்றார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெர்மன் மண்ணில் எதிரி கால் வைக்காதபோதே சரணடைந்தது ஏன், உள்நாட்டில் இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்களா என்ற கேள்விக்கு இதுதான் பதில். கேட்டது ராணுவத் தலைமையே, படை தோற்றுக்கொண்டிருந்ததால் கேட்டது. பிற்பாடு அதே லூடன்டார்ஃப் பழியை அரசியல்வாதிகள் மேலும் யூதர்கள் மேலும் போட்டது பெரும் பொய், அந்தப் பொய்க்கு உலகம் கொடுத்த விலை நமக்குத் தெரியும். பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையால் ஜெர்மனியில் 1916-17 குளிர்காலத்திலேயே உருளைக்கிழங்குக்குப் பதில் மாட்டுக்குப் போடும் டர்னிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், கூட்டாளிகளான பல்கேரியா, துருக்கி, ஆஸ்திரியா ஒவ்வொன்றாக ஒதுங்கின, கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்தார்கள், நவம்பர் 9 அன்று ஜெர்மன் பேரரசர் கைசர் பதவி விலகிப் போனார். எல்லாம் உண்மை. ஆனால் பட்டினி கிடந்த நாடு மார்ச்சில் அவ்வளவு பெரிய தாக்குதல் நடத்தியதே, அதை மறக்கக் கூடாது. முடிவு போர்க்களத்தில்தான் வந்தது.

அந்தக் கடைசி நூறு நாளைப் பலர் வெற்றி ஊர்வலம்போல் நினைக்கிறார்கள். கோடு நகர்ந்தது என்றால் மறுபடி திறந்த வெளி என்று அர்த்தம். ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 11 வரை நேச நாடுகளுக்கு மட்டும் பத்து லட்சம் அளவுக்குச் சேதம், ஒரு மாதக் கணக்கில் பார்த்தால் சோமைவிட அதிகம். குழியைவிட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பது 1914 ஆகஸ்டைப் போலவே இருந்தது, வித்தியாசம், இந்த முறை அந்த விலைக்கு நிலம் கிடைத்தது.

நவம்பர் 11 அதிகாலை ஐந்து மணி தாண்டி, கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டியில் கையெழுத்துப் போட்டார்கள், பதினொரு மணிக்கு அமலுக்கு வந்தது. பதினைந்து நாளில் பிரான்ஸ், பெல்ஜியத்தைக் காலி செய்ய வேண்டும், 5,000 பீரங்கி, 25,000 மெஷின் கன், 1,700 விமானம், 5,000 ரயில் எஞ்சின், 1,50,000 ரயில் பெட்டி ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனைகள். ஃபோஷ் வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டார்: அவற்றைக் கொடுத்துவிட்ட படையால் மறுபடி ஒரு கோடு போட்டு நிற்க முடியாது.